அம்மா கேட்ட படப்பு

எங்கள் ஊரில் கோயில் வயல் வைக்கோலை மாசி அறுப்புக்குப் பின் களத்திலேயே படப்பு படப்பாகக் குவித்து ஏலம் விடுவார்கள். மாடு வைத்துப் பயிர் செய்யும் உள்ளூர் சம்சாரிகளைத் தவிர வேறு யாரும் ஏலம் கேட்கக் கூடாது. எனக்கு ஏழு வயதான வருடம் அப்பாவுக்குப் பதிலாக அம்மா போனாள், என்னையும் கூட்டிக்கொண்டாள். மலைத் தோட்டத்தில் வேலைக்கு இருந்த என் அண்ணனுக்குக் கடுங்காய்ச்சல் என்று தகவல் வந்து, அப்பா கம்பம் மெட்டு ஏறிப் போயிருந்தார். வீட்டில் வைக்கோல் தீர்ந்திருந்தது. அன்று படப்பு கிடைக்காவிட்டால் காளைகளை விற்க வேண்டியதுதான் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உச்சிவெயில். காற்றே இல்லை. களத்தில் ஒரே கூச்சல்.

"ஏலே, ஒரு கெழட்டுப் பசுவுக்கா இம்புட்டு வைக்கோலு? நீயும் சேந்து திங்கப் போறியா?" என்று ஒருவரைச் சீண்டிக்கொண்டிருந்தார் மாமா, அம்மாவின் அண்ணன். அப்பாவுக்கு எதிராகக் கேட்டு விலையை ஏற்றிவிடுவது அவருக்கு வருடாந்தர விளையாட்டு. அன்று அம்மாவையும் விடவில்லை.

"தங்கச்சி, மச்சான் இல்லேன்னு எரக்கப்பட்டு விட்ருவேன்னு நெனைக்காத!"

"கேளுண்ணே, பாத்துக்கிறேன்."

அப்போது சாலையிலிருந்து புழுதி படிந்த ஓர் ஆள் வந்தார். தெரியாத முகம். ஏலம் கூறுகிறவரின் காதில் ஏதோ சொன்னார். கூறுகிறவர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். பேச்சு பக்கத்தில் இருந்தவர் காதுக்குப் போனது. அவர் துண்டும் இறங்கியது. இப்படியே ஆண்கள் வரிசை நெடுக, அந்த வெயிலில், ஒவ்வொன்றாக எல்லாம் வெறுந்தலையாயின. கடைசியில் மாமாவின் தலையும். பெண்கள் நின்ற பக்கத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு வரவில்லை.

அடுத்த படப்பை ஏலம் கூறினார்கள். "ரெண்டு ரூவா" என்றாள் அம்மா.

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வைக்கோல் வெயிலில் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்டது. படப்புக்குள் இவர்கள் பயப்படும்படி ஏதோ இருக்கிறது என்று நினைத்து, நான் அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"ஒரு தரம்."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். "என்னண்ணே, வாயடைச்சுப் போச்சா? கேளு."

மாமா தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்."

"யாராச்சும் கேளுங்கய்யா." அது நான் அறிந்த குரலாக இல்லை. "ஒத்த ரூவாயாச்சும் கூட்டிக் கேளுங்க. அண்ணே, ஒன் காலுல விழுறேன், கேளுண்ணே!"

சாவு விழுந்த வீட்டோடு எங்கள் ஊர் ஏலத்தில் யாரும் போட்டி போடுவதில்லை. அம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியும். வந்தவர் அப்பா அனுப்பிய ஆள் என்பதும், என் அண்ணன் முந்தின நாளே போய்விட்டான் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றே: யாராவது எதிர்த்துக் கேட்டால் அம்மா அழமாட்டாள்.

கையைத் தூக்கிக் கத்தினேன்: "அஞ்சு ரூவா!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா படப்பில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் ஆறு கேட்கப் போகிறார் என்று நினைத்து, நான் ஏழு சொல்லத் தயாராக நின்றேன்.