பாடு இல்லாத நாளில் ஒரு திரைக்கதை

திரைக்கதை எழுத எந்த மென்பொருள் நல்லது என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் என் தோழி வீட்டில் விரித்த பாயும், அதில் நாங்கள் கிடந்த மதியங்களும்தான் நினைவுக்கு வரும்.

அப்போது நான் பொறியியல் கடைசி வருடம். அவள் எடுக்க ஆசைப்பட்ட குறும்படம் முழுக்க ஏரியில், அவளுடைய நைனாவின் படகில் நடப்பது. ஏரியில் வலை போடும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனாவுக்குப் பாடு இல்லாத நாளில்தான் படகு கிடைக்கும். அது வரும் வெள்ளிக்கிழமை. அதை விட்டால் படம் கல்லூரிப் போட்டிக்குப் போய்ச் சேராது.

திரைக்கதையை அவள் ஒரு கட்டண மென்பொருளின் இலவசச் சோதனையில் எழுதியிருந்தாள். சோதனைக் காலம் முடிந்ததும் கோப்பு திறக்கவில்லை. கையில் மிஞ்சியது ஒரு பிரிண்ட். அதில் கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டுத் தனியாக நின்றன.

"இன்னாடி இது, நண்டு நடந்தா மாரி கீது?" என்றார் அவள் அம்மா.

நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். இணையம் இல்லாமல் ஓட வேண்டும். தமிழ் உடையக் கூடாது. பழைய லேப்டாப் தாங்க வேண்டும். எழுதியது எதிலும் திறக்கும் சாதாரண உரைக்கோப்பாக இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்கள் சிலவற்றை இறக்கிப் பார்த்தோம். அழகான ஒன்றில் லேப்டாப் உறைந்துபோனது. இன்னொன்று தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. மிஞ்சியது வெறும் வெள்ளைத் திரையாகத் திறக்கும் ஒன்று.

"இதுல இன்னா கீது? ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"அதான் நல்லது. போன்லயும் தொறக்கும்."

உடைந்த பிரிண்டைப் பார்த்து அவள் படிக்க, நான் தட்டினேன்.

வெள்ளியன்று ஏரி நடுவில் சிக்னல் இல்லை. ஆனாலும் கோப்பு திறந்தது. படத்தில் மீனவராக நடிக்கும் நைனா போனில் தன் வசனத்தைப் படித்துவிட்டுக் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார்.

"என் படகு. எனக்கு ரெண்டே வரியா?"

"மீன் கெடைக்கல நைனா. நீ சோகமா ஏரியப் பாத்தா போதும்."

"மீன் இல்லன்னா எவன் சும்மா பாத்துனு குந்தினு இருப்பான்? பக்கத்துப் படகுக்காரன திட்டுவான்."

"எப்டி திட்டுவ, சொல்லு."

அவர் சொல்லச் சொல்ல, படகு ஆட ஆட, அவள் போனிலேயே கட்டைவிரலால் அடித்துச் சேர்த்தாள். வெளிச்சம் போவதற்குள் எல்லாக் காட்சியும் எடுத்தாயிற்று. படகைக் கரையேற்றும்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த ரெண்டாவதா திட்டுனத மட்டும் தூக்கிடும்மா. உங்கம்மா படம் பாப்பா."