ஸ்டெல்லா கேட்ட நோட்டு

போன வாரம் ஊரப்பாக்கத்தில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். சுவரில் டிவி, அதில் ஏதோ பழைய சீரியல். விபத்தில் கைவிரல்களை இழந்து வந்த கணவனைப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள்: "கொழந்த நடக்கறதுக்கு வெரலக் கேட்டா, இன்னாய்யா குடுப்ப?" பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படித்தான் எழுதறாங்களோ!" என்றார். "அது என் வசனங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அதோடு சீரியல் முடிந்து பெயர் ஓடியது. கதை, வசனம், தயாரிப்பு: ஸ்டெல்லா. பல்வலி போய் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

அந்தம்மா தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வேறு. எனக்கு அது நாடகம் முடிந்து மேக்கப் கலைக்கும் வாசனை. தொண்ணூறுகளில், மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. அங்கே வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். ஹெல்மெட் போடு, கையுறை மாட்டு என்று சொல்ல ஒரு நாடகம் உண்டு. எழுதுவது நான். "வசனகர்த்தா வராருப்பா, வழி வுடு" என்பார்கள் கேன்டீனில். அது கிண்டல் என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று.

ஸ்டெல்லா அசெம்ப்ளி லைனில் இருந்தாள். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் கண்ட முதல் ஆள் அவள்தான். செங்கல்பட்டில் ஏறினால் கம்பெனி பஸ்ஸிலேயே எங்கள் ஒத்திகை. ஒரு வருஷம், மிஷினில் விரல் போனவனின் மனைவி வேஷம் அவளுக்கு. நான் எழுதிக் கொடுத்தது இது: "ஐயகோ! விதி உம் கரத்தைப் பறித்ததோ!" பஸ்ஸில் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

மேடையில் சொல்லவில்லை. கணவனாக நடித்த ஃபிட்டரின் துணி சுற்றிய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், அந்த விரல் கேள்வியை. மொத்தக் கூட்டமும் கப்சிப். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நாடகத்துக்கு ஹாட்பாக்ஸ் பரிசு என்றதும் முதலில் மேடையேறியவன் நான்தான். மறுநாள் பஸ்ஸில் நாடக நோட்டைத் திறந்து 'ஐயகோ'வை அடித்துவிட்டு, மேலே அவள் வரியை எழுதினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் மேடையில் பேசுவாள், நான் மறுநாள் எழுதுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சீரியலில் நடிக்கப் போனாள். பொறுத்துக்கொண்டேன். நடிப்பு அவளுடையது, எழுத்து என்னுடையது இல்லையா? மாமல்லபுரம் கடற்கரையில் ஷூட்டிங் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். வேலைக்காரி வேஷம். அங்கேயும் வசனத்தை மாற்றித்தான் பேசினாள். டைரக்டர் திட்டப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அந்த மனுஷனோ, "நல்லாருக்கே! இதையே எழுதிக் குடும்மா" என்றார்.

சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

"நடிச்சது போதும்ணா, எழுதலாம்னு கீறேன். முன்னாடி இன்னா எழுதிகீறன்னு கேக்கறாங்க. நம்ம நாடக நோட்டு கீதாண்ணா? ஒருவாட்டி காட்டிட்டுத் தந்துடறேன்."

நோட்டு அவள் முதுகுக்குப் பின்னால், பீரோவில் இருந்தது. "கரையான் அரிச்சிடுச்சும்மா" என்றேன்.

"பரவால்லண்ணா. எனக்கு ஞாபகம் கீது."

காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவேயில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கம்பெனி பஸ் இல்லை. ஃபிட்டர் எங்கே இருக்கிறார், தெரியாது. ஹாட்பாக்ஸும் எங்கோ போய்விட்டது. டாக்டரிடமிருந்து வந்ததும் பீரோவைத் திறந்தேன். முதல் பக்கத்தில் 'கதை, வசனம்' என்று போட்டு என் பெயர், அதற்குக் கீழே இரண்டு கோடு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் என் வரியை அடித்து, மேலே என் கையெழுத்திலேயே அவள் வரி. அவள் பெயர் ஒரே ஒரு இடத்தில், நடிகர் பட்டியலில்: 'மனைவி – ஸ்டெல்லா.'

ஒரு பூச்சிகூடக் கடிக்கவில்லை. பாழாய்ப்போன கரையான், நான் சொன்ன அன்றைக்கே வந்து தொலைத்திருக்கக் கூடாதா?