சுவர் கெட்டியான அப்டேட்

கோடிங் தெரியாமலேயே, படங்களை இழுத்து வைத்து கேம் செய்கிற எடிட்டரில் இன்று அப்டேட் வந்தது.

தாழ்ப்பாளோடு கதவு புதிதாக வந்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியம், சுவர் இனி சுவராகவே நிற்கும். இதுவரை ஓடிவந்து மோதினால் ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

என் கேமில் இருப்பது ரெட்டியார்சத்திரத்தில் உள்ள எங்கள் வீடுதான். பாகம் பிரித்தபோது அப்பாவும் சித்தப்பாவும் முற்றத்தின் நடுவே எழுப்பிய சுவரையும் விடாமல் வைத்திருக்கிறேன்.

அம்மா மதியம் என் போனை வாங்கி அதை விளையாடுவாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனக் கிண்ணத்தோடு ஓடி, சுவருக்குள் புகுந்து, சித்தியின் அடுப்படியில் வைத்துவிட்டு வருவாள். அவளுக்கு அவ்வளவுதான் ஆட்டம்.

இன்றும் ஓடினாள். மோதி நின்றாள். மறுபடியும் மோதினாள்.

"ஏன்டா, போக மாட்டேங்குது?"

"அது தப்பும்மா. இப்பச் சரி பண்ணிட்டாங்க."



"இதுலயும் அடைச்சாச்சா."

போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், அங்கிருந்தே கேட்டாள்: "ஒரு கதவு வைக்க முடியுமா அதுல?"

வைத்துவிட்டேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று எடிட்டர் கேட்கிறது. அம்மாவிடம் கேட்டேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கமா, சித்தி பக்கமா? இரண்டு பக்கமும் வைக்க அப்டேட்டில் வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் இல்லாமல் வைக்கத்தான் வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.