வேப்பமரத்தில் தொங்கிய தயிர்

கிரீக் யோகர்ட் என்ற பெயரை ஆஸ்பத்திரியில்தான் முதலில் கேட்டேன். கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இரைப்பையில் முக்கால்வாசியை அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி. அதற்குள் எது போனாலும் சத்தாகப் போகவேண்டும், தண்ணீராகப் போனால் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று சாப்பாட்டு அட்டவணை எழுதிக்கொடுக்கும் பெண் சொன்னாள். முட்டை வாசனைக்கே இவருக்குக் குமட்டியது. பருப்பு வயிற்றை உப்ப வைத்தது. "அப்போ கிரீக் யோகர்ட் குடுங்கம்மா, எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கும்" என்றாள், கொத்தமல்லி வாங்கிக்கோ என்கிற மாதிரி.

டாக்டர் சொன்னது இன்னும் சுருக்கம். ஐம்பது கிலோ வந்தால்தான் கேன்சருக்கான அடுத்த மருந்தை ஏற்றுவார்கள். அதற்குக் கீழே இருந்தால் உடம்பு தாங்காது. மருந்து ஏற்றாவிட்டால் அறுத்ததற்கே அர்த்தமில்லை. அன்றைக்கு அவர் நாற்பத்து மூன்று கிலோ.

அம்பத்தூரில் ஒரு கடையில் அந்தச் சாமானைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் டப்பா, ஒரு லிட்டர் பாலின் விலை. பாக்டரியில் அவருடைய லீவெல்லாம் தீர்ந்து, சம்பளம் பாதியாகியிருந்த நேரம். டப்பாவைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தேன். பால், உறை, அவ்வளவுதான். தண்ணீரை வடித்த தயிர். இதற்குப் போய் ஒரு நாட்டின் பெயரை வைத்து நம் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கொழுப்பு அதிகமுள்ள ஆரஞ்சு பாக்கெட் பால் இரண்டு வாங்கிக்கொண்டு சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றி, ராத்திரி விட்டால் காலையில் கல்லு மாதிரி தோய்ந்திருக்கும். அதை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் என் உயிர் போனது. சமையலறைக் குழாயில் கட்டினால் கயிறு வழியாக எறும்பு இறங்கியது. பிரிட்ஜில் வைத்தால் சித்திரை மாதத்துக் கரண்ட் கட்டில் புளித்துப்போனது. புளிப்பு பட்டதும் அவருக்கு நெஞ்சு எரிந்தது, இரண்டு ஸ்பூனோடு கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை நான் சிங்க்கில் வீசிய வேகத்தில் அது நெளிந்தே போனது.

அப்புறம்தான் பூந்தமல்லி ரோட்டோரத்தில் ஒரு சின்ன மண்சட்டி வாங்கி வந்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். உள்ளே வெள்ளைத் துணியைப் பரப்பித் தயிரை ஊற்றி, அதே துணியால் வாயை இறுக்கிக் கட்டி, வாசல் வேப்பமரத்துக் கிளையில் கயிற்றில் தொங்கவிட்டேன். மண் கொஞ்சம் தண்ணீரைக் குடித்தது, மிச்சம் ஓட்டை வழியாகச் சொட்டியது. நிழல், காற்று, மண்ணின் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து புளிப்பே ஏறவில்லை. நாலு மணி நேரத்தில் வெண்ணெய் மாதிரி கெட்டித் தயிர். ஒரு லிட்டர் பாலில் நாலு டப்பா அளவு தேறியது. சொட்டிய தண்ணீரையும் கொட்டவில்லை, அதில் சப்பாத்தி மாவு பிசைந்து நான் சாப்பிட்டேன்.

பக்கத்துப் போர்ஷன்காரி வந்து மரத்தடியில் நின்று பார்த்தாள். "அக்கா, வெள்ளைத் துணி வேணாங்கா. மஞ்சத் துணி கட்டேன்."

"மஞ்ச சாயம் தயிர்ல எறங்கும். நீ குடிக்கிறியா?"

"இல்லக்கா, பாக்க ஒரு மாதிரி கீது."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் ஆளை எரித்துவிட்டு எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டால், அந்தச் சட்டியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வாசல் மரத்தில்தான் தொங்கவிடுவார்கள், கடலிலோ ஆற்றிலோ கரைக்கிற வரைக்கும். தெரியும். தெரிந்தும்தான் கட்டினேன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குச் சோறு வேண்டும், உனக்குச் சாஸ்திரம் வேண்டுமா, போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் தயிரைச் செய்வது வேறு, அதை அவர் வாயில் போடுவது வேறு. ஒரு சின்னக் கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் கத்துவதற்குப் பயந்து சாப்பிட்டாரே தவிர, பசித்துச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டதில்லை. திங்கட்கிழமைதோறும் மருந்துக்கடை எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவேன். நாற்பத்து நாலு. மறுபடி நாற்பத்து நாலு. முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், மன்னிப்புக் கேட்பது போல. அந்தப் பார்வைதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இன்னொரு வயிற்றெரிச்சல் அவருடைய அண்ணன். குமணன்சாவடியில் ஹார்டுவேர் கடை. எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் அரை மணி நேரம்தான். ஆபரேஷனுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. "கடைல ஆள் கெடைக்கலியாம்" என்பார் இவர். "வந்துடுவான் பாரு." நூம்பலில் அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய ஒரு மனை இருந்தது. வாங்கும்போது முட்புதர், இப்போது சுற்றிலும் வீடு. பத்திரம் எங்கள் பீரோவில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். வீட்டின் பக்கச் சந்தில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணனும் அண்ணியும் இறங்கினார்கள். நான் இருந்த இடம் அவர்களுக்குத் தெரியாது. இவர் முன்னறை ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் படுத்திருந்தார்.

கேட்டைத் திறந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாடி இது?"

"ஐயோ" என்றாள் அண்ணி. "எல்லாம் முடிச்சுட்டாங்க போலகீது. சட்டியக் கட்டித் தொங்கவுட்டுட்டாங்க."

"ஒரு போன் பண்ணலியே."

"மாலகூட வாங்கினு வரலியே நாம."

"அத்த வுடு" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "நூம்பல் பத்திரம் இந்த ஊட்லதான் கீது. இவ தம்பிங்க கைக்குப் போறதுக்குள்ள வாங்கிடணும்."

"மொதல்ல உள்ள போய் அழுவு. அப்பால பத்திரத்தக் கேளு."

என் கையில் இருந்த குழம்புச் சட்டி அப்படியே நின்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் அழுவதற்கும் பெண்டாட்டியிடம் உத்தரவு வாங்கியது. வாங்கியதும் மார்பில் அடித்துக்கொண்டு, "ஏ தம்பி, என்னை வுட்டுட்டுப் போய்ட்டியேடா" என்று படியேறினார்.

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "யாரு, அண்ணனா? வாண்ணா. உள்ள வா."

அண்ணன் வாய் திறந்தபடி நின்றார். நான் சோப்பு நுரைக் கையோடு சந்திலிருந்து வெளியே வந்தேன். அண்ணி மரத்தைக் காட்டினாள்.

"தயிரு" என்றேன். "உங்க தம்பி திங்கறதுக்கு."

அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்குத் தெம்பு இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தார். கடை எப்படிப் போகிறது, பையன் எந்த கம்பெனியில் இருக்கிறான் என்று விசாரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு அந்தத் தயிரு குடு" என்றார்.

"அது உங்களுக்கு. இன்னிக்கு முழுசுக்கும் அதுதான்."

"குடு. வெயில்ல வந்துகீறாங்க."

கொடுத்தேன். சட்டியை இறக்கி, துணியை அவிழ்த்து, இருந்ததை எல்லாம் இரண்டு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் சர்க்கரை கேட்டார். அதையும் கொடுத்தேன். "நல்லா கீதே, கடைல வாங்கினதா?" என்று ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். ஒவ்வொரு ஸ்பூனையும் நான் எண்ணிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் உடம்பில் ஏற வேண்டிய எடை, கால் கிலோ, கால் கிலோவாக அண்ணன் தொண்டையில் இறங்கியது. பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்ட கையோடு, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்கள்.

கேட் மூடிய சத்தம் கேட்டதும் ஆரம்பித்தேன். "அவங்க வாசல்ல பேசினது கேட்டுச்சா?"

"வயித்தத்தான அறுத்தாங்க. காது நல்லாத்தான் கீது."

"அப்புறம் எதுக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

"நமக்குன்னு யாரு கீறா? நாளைக்கு நான் பூட்டா, கொள்ளி வெக்க அவன் புள்ளதான் வரணும். அவங்கிட்டப் போய் இன்னாத்துக்குப் பகை?"

இதைத்தான் இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். நான் பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், இவர் தன் சாவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒருத்தனும் வர வேணாம். கொள்ளி நான் வெக்கிறேன். எலும்ப நான் பொறுக்குறேன், சட்டிய நானே தூக்கினு போய் கடல்ல கரைக்கிறேன். எந்தப் பொறம்போக்கு வந்து தடுக்கிறான்னு பாக்குறேன். அதுக்காக ஒருத்தன் கிட்டயும் நீங்க பல்லக் காட்ட வேணாம்." தலையணையைத் தட்டி அவர் முதுகுக்கு வைத்தேன். "மொதல்ல அம்பது கிலோ ஆவுங்க. சாவுறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

கிண்டல் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை. தோளில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீயே வெப்பியா?"

"வெப்பேன்."

"சரி" என்றார். அப்புறம் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பசிக்குது. அந்தத் தயிரு மிச்சம் கீதா?" என்றார்.

சமையலறைக்கு ஓடினேன். கிண்ணங்கள் இரண்டும் கழுவி வைத்தது போல இருந்தன. சட்டியில் இருந்த துணியை எடுத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கத்தியின் முதுகால் வழித்தேன். ஒரு ஸ்பூன் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே வாயில் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று ஸ்பூனை நீட்டினார்.

கஞ்சி தரட்டுமா என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம், அந்தத் தயிர்தான். பால் காய்ச்சி, உறை ஊற்றி, தோய்ந்து, வடிந்து வர மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்து முதல்முறையாகப் பசிக்கிறது என்று கேட்ட மனுஷனிடம் நான், "நாளைக்குத் தரேங்க" என்றேன். என் வாயால் அதைச் சொல்ல வைத்த அந்த அண்ணனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.