என் இரும்பு தோற்ற நாள்

நான்காம் வகுப்பு தாண்டாதவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் மேற்கு மாம்பலத்தில் இரும்புத் தகடு என்றால் என் கடைதான். மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவி கல்யாணி ஒருநாள் கனத்த தகடுகளை இரவல் கேட்டாள்.

"வானத்துலேர்ந்து மியூவான்னு ஒரு துகள் கொட்டிண்டே இருக்கு மாமா. மத்த துகளெல்லாம் இரும்புல நின்னுடும், இது மட்டும் தாண்டிடும். துகள் பட்டா கண்டுபிடிக்கற பெட்டி, தகடுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டையும் கடந்தா விளக்கு எரியும். எரிஞ்சாத்தான், துகள்களை மோதவிடற வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடத்துல என்னைச் சேத்துப்பா."

"என் இரும்பையா தாண்டும்? நடக்காதும்மா" என்று மீசையை முறுக்கினேன்.

கட்டைகள் மேல் தகடுகளை அடுக்கினோம். விளக்கு எரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அவள் கண் கலங்கியதும், என் இரும்பு தோற்க வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். குனிந்து பார்த்தால், தகட்டுக்கு அடியில் பெட்டியே இல்லை.

"கண்ணாடி கணக்கா கீது, நசுங்கிடும்னு ஓரமா தள்ளி வச்சேன் நைனா" என்றார் என் கடையில் சுமை தூக்கும் மணி.

பெட்டியை உள்ளே நகர்த்தினோம். விளக்கு எரிந்தது; மறுபடி மறுபடி எரிந்தது. கல்யாணிக்கும் முந்திக் கைதட்டியவன் நான்தான். அவள் அந்த வெளிநாட்டுக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

இன்றும் வாடிக்கையாளரிடம், "என் தகட்டை எதுவும் தாண்டாது" என்று பெருமையடிப்பேன். பிறகு மனசு கேட்காமல் சேர்த்துக்கொள்வேன்: "மியூவானைத் தவிர."