அடித்த திகதி

ஓர்ஸ் ஹில்லில் ஒரு சட்டத்தரணியிடம் நான் எழுதுவினைஞராக இருந்தபோது அவர் வந்தார். குறிஞ்சாக்கேணி மீன் வியாபாரி. பருத்த உடம்பு, தணிந்த குரல். கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவருக்கு வந்த காசோலையின் பின்புறத்தில் தங்கையின் கணவர் இவருடைய கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டுப் பணத்தை எடுத்திருந்தார். அது தெரிந்த அன்றே இவர் இறங்குதுறையில் வைத்து, இரும்புக் குழாயால் அந்த ஆளின் வலக்கையை அடித்து முறித்துவிட்டார். வங்கிக்கோ எட்டு மாதம் கழித்து, அந்த ஆள் வெளிநாட்டுக்கு ஓடிய பிறகுதான் அறிவித்தார். இப்போது அந்தப் பணத்தை வங்கியிடம் கேட்டு வழக்குப் போட வந்திருந்தார்.

"உடனே சொல்லியிருந்தா பேங்க் அவரைப் பிடிச்சிருக்கும். தெரிஞ்சும் பேசாம இருந்ததால வழக்கு நிக்காது" என்றார் சட்டத்தரணி.

"இப்பதான் தெரிய வந்தது எண்டு சொல்லுவம்."

"ஏலாது. நீங்கள் அடிச்ச திகதியும், ஏன் அடிச்சனீங்கள் எண்டதும் பொலிஸ் புத்தகத்தில கிடக்கு."

அவர் எழுந்து அலுமாரிக் கண்ணாடியை ஓங்கிக் குத்தினார். கோப்புகளில் இரத்தம் தெறித்தது. நான் துணியால் அவர் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் அப்பவே பேங்குக்குச் சொல்லேல்ல?"

"தங்கச்சிட மாப்புள, தம்பி. கள்ளன் எண்டு எழுதிக் குடுக்க மனசு வரல்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். அந்த மனசுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.