முர்டோ மெக்ரே கால்சட்டை போட்ட கதை

முர்டோ மெக்ரே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் செய்த முதல் காரியம், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையான தன் கில்ட்டை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியதுதான். இரண்டாவது காரியம், கடைக்குப் போய் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கால்சட்டை நான்கு வாங்கியது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். ஊர் விட்டால்தானே!

கறிக்கடையில் கேட்டார்கள். தபால் ஆபீஸில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது பாதிரியாரும் கேட்டார். ஒரு மனிதன் காரை மாற்றலாம், கட்சியை மாற்றலாம், பெண்டாட்டியைக்கூட மாற்றலாம். இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். இடுப்பில் கட்டுவதை மாற்றினால் மட்டும் நான்கு வருஷம் ஆனாலும் விசாரணை ஓயாது. "உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று வேறு கேட்பார்கள். அவருடைய அப்பா ஆடு மேய்த்தவர். உயிரோடு இருந்தவரை கால்சட்டைதான் போட்டார். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

எல்லாரையும்விடப் பெரிய தொல்லை ஹெக்டர். முர்டோவின் மனைவி டோலினாவுக்கு அண்ணன். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, இப்போது ஊர் விளையாட்டு விழாக் கமிட்டிக்குச் செயலாளர். கில்ட் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஓரம் முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். ஊக்கு மேல்மடிப்பில் மட்டும்தான் குத்த வேண்டும். குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு; அப்பா வழியை விட்டு அம்மா வழிக் குலத்துக் கட்டம் கட்டுவதாக இருந்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ஆளை அங்கேயே முட்டி போடச் சொல்லி, ஓரம் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். இவ்வளவு பேசுகிற மனிதர் வருஷத்துக்கு ஆறு நாள் கட்டினால் அதிகம். அதுவும் கணப்பு எரிகிற மண்டபத்தில்.

முர்டோ கட்டியது இருபத்தாறு வருஷம். ஏரிக்கரையில் இருக்கிற பெரிய ஓட்டலின் வாசலில் சீருடையாக, மழையிலும் பனியிலும், பொடிக்கொசு முழங்காலைப் பிடுங்குகிற ஆகஸ்ட் மாதத்திலும். ஆறடி மூன்றங்குல உயரம், செம்பட்டைத் தாடி. அந்த உருவத்தைப் பார்த்ததுமே முதலாளி வாசலுக்கு இவன்தான் என்று முடிவு செய்துவிட்டார். ஒரு நாளைக்கு மூன்று பஸ் வரும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் பெட்டியைக் கொடுக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். கில்ட்டுக்கு உள்ளே ஒன்றும் போடுவதில்லை என்று உலகம் பூரா ஒரு பேச்சு. அதனால் எல்லாத் தேசத்துக்காரர்களுக்கும் அதே கேள்விதான்: உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?

கேள்வியோடு நின்றால் பரவாயில்லை. வந்த முதல் கோடையிலேயே ஒரு கை பின்னாலிருந்து கில்ட்டைத் தூக்கியது. திரும்பினால், ஒரு கிழவி. பக்கத்தில் அவள் புருஷன் கேமராவோடு. சுற்றிலும் சிரிப்பு. முர்டோவுக்குக் காது மடல் எரிந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

"சிரிச்சுச் சமாளி முர்டோ," என்றார் முதலாளி. "இதுக்குத்தானே அவங்க இவ்வளவு தூரம் வர்றாங்க."

சமாளித்தார். கேள்விக்குப் பதிலாக ஏழெட்டு ஜோக்குகள் தயார் செய்து வைத்துக்கொண்டார். கை வந்தால் சிரிக்கப் பழகிக்கொண்டார். சிரித்தால் சீக்கிரம் விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவமானமாகத்தான் இருந்தது. இருபத்தாறாவது வருஷத்திலும் அது குறையவில்லை. ஆனால் தாடி வைத்த ஆறடி ஆள், ஒரு கிழவி என்னைத் தொட்டுவிட்டாள் என்று யாரிடம் போய் அழுவது? அதனால் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதையெல்லாம் வேடிக்கைக் கதையாகச் சொன்னார். கிழவி மாதிரியே நடித்துக் காட்டுவார். மகள் இஷ்பெல் சிரித்துச் சிரித்துச் சூப்பைக் கொட்டுவாள்.

அந்த இஷ்பெலுக்குத்தான் இப்போது கல்யாணம். எடின்பரோவில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளை டோபி தெற்கு இங்கிலாந்துக்காரன், நல்ல பையன். அவன் வீட்டு ஆண்கள் பதினான்கு பேரும் வாடகைக்கு கில்ட் எடுக்கப்போவதாகச் சேதி வந்தது. அன்றைக்குத்தான் சமையலறையில் சண்டை.

"அப்பா, நீ கட்டிக்கிற, இல்ல?"

"இல்லம்மா. கால்சட்டைதான். புது கோட்டு வாங்கிக்கறேன்."

"இங்கிலாந்துக்காரன் பதினாலு பேரு கில்ட்டுல நிப்பான். பொண்ணோட அப்பன், இந்த மண்ணுக்காரன், நீ பேங்க் மேனேஜர் மாதிரி நிப்பியா?"

"பேங்க்ல இருந்தவன் உன் மாமா. அவன்தான் கில்ட்டுல வர்றானே, போதாதா?"

"விளையாடாதப்பா. என்ன காரணம்னாவது சொல்லு."

"புடிக்கல. அவ்வளவுதான்."

"புடிக்காமலா இருபத்தாறு வருஷம் கட்டின? கதை கதையா சொல்லுவியே! ஓட்டல்காரன் சம்பளம் குடுத்தா கட்டுவ, பெத்த பொண்ணுக்காகக் கட்ட மாட்ட, அப்படித்தானே?" இஷ்பெலின் கண் கலங்கிவிட்டது. "நீ கட்டலன்னா என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் தனியாவே நடந்துக்கறேன்."

இருப்பது ஒரே மகள். அவள் பிறந்த நாளிலிருந்து முர்டோ மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நடை அது, தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை முப்பது தப்படி. அது இப்போது கை நழுவப் போகிறது. ராத்திரி டோலினா, "நாலு மணி நேரம்தானே முர்டோ, பல்லைக் கடிச்சுக்கோயேன்," என்றாள். மறுநாள் ஏணி வைத்துப் பெட்டியை இறக்கினார்.

கல்யாணத்தன்று காலை பதினோரு மணிக்கே ஹெக்டரிடமிருந்து போன். "மச்சான், உடனே கிளம்பி வா. இங்க ஒருத்தனுக்கும் கட்டத் தெரியல. என் மானம் போகுது." பெண்ணோடு காரில் வரவேண்டிய முர்டோ, அவளை டோலினாவோடு வரச் சொல்லிவிட்டுத் தன் வேனை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

தேவாலய முற்றத்தில் அவர் கண்ட காட்சிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஐந்து பேர் கொசுவத்தை முன்னால் விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒருவருக்கு ஓரம் கெண்டைக்காலில் கிடந்தது. மாப்பிள்ளை டோபி ஊக்கை இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தி, அடி எடுத்துவைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தான். ஹெக்டர் ஒவ்வொருவரையும் ஈரப்புல்லில் முட்டி போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"கொசுவம் பின்னாலப்பா, பின்னால," என்று முர்டோ ஆரம்பித்தார். "ஊக்கு மேல்மடிப்புல மட்டும். அது துணி பறக்காம இருக்க பாரத்துக்கு, உன்னைக் கட்டிப்போட இல்ல. மூச்சை உள்ள இழு. இன்னும் இழு." கில்ட்டே வேண்டாம் என்கிற மனிதர் பதினான்கு பேருக்கும் அவிழ்த்துக் கட்டிவிட்டார். ஒவ்வொரு வாரை இறுக்கும்போதும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைசி ஆளை முடித்து நிமிர்ந்தால், ஹெக்டர் இவருடைய முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை அங்குலம் இறங்கியிருக்கு மச்சான்."

"நிமிருடா. இல்லன்னா மிதிச்சுடுவேன்."

அந்த நேரத்தில்தான் டோபியின் அத்தை பமீலா, பெரிய தொப்பியும் கையில் செல்போனுமாக, தோழிகள் இரண்டு பேரோடு வந்தாள். "நிஜ ஸ்காட்லாந்துக்காரர் இங்க ஒருத்தர்தானே! உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுவோமா?" என்றாள். முர்டோ திரும்புவதற்குள் பின்னாலிருந்து கில்ட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். முற்றமே கொல்லென்று சிரித்தது.

முர்டோவின் முகமும் சிரிக்கத் தொடங்கியது. பழக்கம், அவரைக் கேட்காமலே உதடு விரிந்தது. ஒரு ஜோக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் வாசலில் கார் நிற்பதைப் பார்த்தார். இறக்கிய கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முக்காட்டோடு இஷ்பெல். அவள் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை மகள் பார்த்துவிட்டாள் என்றதும் உள்ளே ஏதோ அறுந்துபோயிற்று.

"கையை எடு!"

மதிலில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின. பமீலா இரண்டடி பின்வாங்கினாள்.

"ஐயோ, சும்மா தமாஷுக்குத்தானே..."

"உனக்குத் தமாஷ். யாராவது உன் பாவாடையைத் தூக்கி ஃபோட்டோ எடுத்தா அதுவும் தமாஷா?"

"மச்சான், மச்சான்," என்று ஹெக்டர் ஓடிவந்தார். "விருந்தாளிகிட்ட இப்படியா பேசறது? கில்ட் கட்டினா இதெல்லாம் சகஜம்தானே."

"உனக்கு எத்தனை தடவை நடந்திருக்கு ஹெக்டர்?"

ஹெக்டர் குனிந்து தன் கில்ட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முர்டோ யாரையும் பார்க்காமல் மதிலைச் சுற்றி வேனுக்கு நடந்தார். போய்விடுகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். டோலினா காரிலிருந்து இறங்கி, குதிகால் செருப்பு புல்லில் புதையப் புதைய ஓடினாள்.

"முர்டோ, வீட்டுக்குப் போயிடாத. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"போகல. கால்சட்டை மாத்தறேன். அந்தப் பக்கம் திரும்பு."

ஓய்வுக்குப் பிறகு அவர் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். வேனில் இருந்தது அந்த வேலைக்கால்சட்டை ஒன்றுதான். தொடையில் நீலம், முட்டியில் வெள்ளை, பின்பக்கம் யாரும் கேட்காத ஒரு சிவப்பு. மேலே வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கோட்டு, கீழே இது. அந்தக் கோலத்தில் காருக்கு வந்து, கதவைத் திறந்து நின்றார்.

"தனியா போறதா இருந்தா போம்மா. நான் பின் பெஞ்சில உக்காந்துக்கறேன். அதைத் திரும்பக் கட்ட என்னால முடியாது."

இஷ்பெல் இறங்கினாள்.

"ஓட்டல்ல தினமும் இப்படித்தானாப்பா?"

"பஸ் வர்ற நாள்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. சாப்பிடறப்போ சொல்லுவேனே."

அவள் கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. டோலினா கைக்குட்டையை நீட்டினாள், அவள் வாங்கவில்லை. அப்பாவின் கையைத் தூக்கித் தன் கைக்குள் மாட்டிக்கொண்டாள்.

ஹெக்டர் வாசலில் குறுக்கே வந்து நின்றார். அவர் குரல் ஏறக்குறைய அழுகைதான். "இஷ்பெல், இப்படியா உள்ள போகப்போறீங்க? ஃபோட்டோக்காரன் நிக்கறான். அவனை இடுப்புக்கு மேல மட்டும் எடுக்கச் சொல்லட்டுமா?"

"வழியை விடு மாமா," என்றாள் இஷ்பெல். பிறகு ஃபோட்டோக்காரனைப் பார்த்து, முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தலையிலேருந்து கால் வரைக்கும் எடுங்க. எங்கப்பாவோட கால்சட்டை நல்லாத் தெரியணும்."

ஃபோட்டோக்காரன் நான்கு அடி பின்னால் போய் நின்றான். முர்டோவுக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான படங்களில் நின்றிருக்கிறார். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சிரிக்காமல் நின்றது இதுதான் முதல் தடவை.